பட்டியலில் இல்லாத கரை

பத்தொன்பது தலைகள்.
எண்ணி முடித்தால் பதினெட்டு.
திரும்ப எண்ணினால் சரியாக இருக்கிறது:
யுட்ரெக்ட்டிலிருந்து வந்த வாவுட்டர்
பெஞ்சுக்கு அடியில் குனிந்து
செருப்பைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

எல்லோர் நெஞ்சிலும் ஆரஞ்சு ஒட்டுத்தாள்.
பனி விலகாத மேகோங்கில்
ஒரு பழத்தோட்டம் மிதந்து போவதுபோல் இருக்கிறதாம்,
முதலாளி சொல்வார்.
எனக்குச் சந்தையில் விலை எழுதிக் கட்டிய
மாடுகள் ஞாபகம் வரும்.
அதைச் சொல்ல மாட்டேன்.

சொல்வதெல்லாம் முதல் வளைவில் ஒரு நகைச்சுவை.
யானை, மூங்கில், மாமியார்.
ஐந்து வருடமாக அதே வளைவு, அதே மாமியார்.
சிரிப்பு மட்டும்
நாட்டுக்கு நாடு கொஞ்சம் முன்பின்னாக வரும்.

பின்கட்டில் சன்மணி
கொதிக்கிற சட்டியில் எலுமிச்சைப்புல்லை முறித்துப் போடுகிறாள்.
அது அவள் வீடு. கொசுவலை, தொலைக்காட்சி,
கயிற்றில் மகனின் பள்ளிச் சட்டை.
'உள்ளே வராதீர்கள்' பலகையைப்
படமெடுக்கத்தான்
பலரும் உள்ளே வருகிறார்கள்.

பத்தரைக்கு நெசவு கிராமம் என்றது பட்டியல்.
மேலே எங்கோ அணையை அடைத்துவிட்டார்கள்.
ராத்திரியோடு ராத்திரியாக
ஓர் ஆள் உயரம் இறங்கியிருந்தது தண்ணீர்.
நேற்று படகு கட்டிய இடத்தில்
மணல், மணலுக்கு அப்பால் மணல்,
அதற்கும் அப்பால்
விரித்த துண்டுகளுக்கு முன் பெண்கள்
எழுந்து நின்று கையசைத்தார்கள்.
வா என்றா, போ என்றா, தெரியவில்லை.
(அந்தத் துண்டுகளில் பாதி
எல்லை தாண்டி லாரியில் வந்தவை.
அதையும் நான் சொல்வதில்லை.)

கம்பேங் அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல்
சுக்கானை ஒடித்தார்.

ஆழம் இருந்த அடுத்த கரையில் ஒதுங்கினோம்.
ஹுவாய் லின். பெயர் மட்டும் தெரியும் எனக்கு.
எங்களுக்காக யாரும் உடுத்தியிருக்கவில்லை.
எந்தத் தறியும் எங்களைக் கண்டு
ஓடத் தொடங்கவில்லை.
ஒருவன் பல் துலக்கிக்கொண்டே பார்த்தான்.
ஒரு பன்றி பார்த்தது.

சேற்றில் தண்ணீர் பம்பு ஒன்று
குப்புற விழுந்து பாதி புதைந்திருந்தது.
ஏழு பேர் கயிறு கட்டி இழுத்தும்
அசையவில்லை.
தலையில் துண்டு கட்டிய ஒருத்தி
எங்களை மேலும் கீழும் அளந்துவிட்டு
என்னிடம் கேட்டாள்:
"இத்தனை பேரைக் கூட்டி வந்திருக்கிறாயே,
கை இருக்கிறதா இவர்களுக்கு?"

மொழிபெயர்த்தேன்.
ஐந்து வருடத்தில் முதல் தடவையாக
சொன்னதைச் சொன்னபடி.

கொஞ்ச நேரம் ஆற்றுச் சத்தம் மட்டும்.
பிறகு வாவுட்டர்,
அவ்வளவு பாடுபட்டுத் தேடிய செருப்பைக் கழற்றினார்.
பூசான் சகோதரிகள்
கைபேசிகளை ஒரு வாழையிலையில் வைத்தார்கள்,
பன்றியின் பொறுப்பில்.
நான்கு பேர் படகிலேயே இருந்து
கொசு மருந்து பூசிக்கொண்டார்கள்.
நுங், சோங், சாம்.
நுங், சோங், சாம்.
மூன்றாம் எண்ணிக்கையில் எல்லாரும் ஒரே மொழிக்காரர்கள்.
பம்பு ஒரு பெரிய ஏப்பம் விட்டு
வெளியே வந்தது, பூசானின் தங்கை
மல்லாந்து விழுந்தாள்.

நன்றி என்று யாரும் சொல்லவில்லை.
வெள்ளரிக்காய் வந்தது. பதினொன்றுதான் இருந்தது.
முழங்காலில் அடித்து உடைத்துப்
பங்கு வைத்தாள் துண்டு கட்டியவள்.
"நாளைக்கும் கூட்டி வா, கூரை மாற்ற வேண்டும்."
"நாளைக்கு வேறு ஆட்கள் அக்கா."
"அதனாலென்ன?"

மாலையில் கருத்துப் படிவங்களைத் திரட்டினேன்.
கிராம வருகை: அட்டவணைப்படி நடக்கவில்லை,
ஒரு நட்சத்திரம்.
கிராம வருகை: கழிவறை இல்லை.
ஒன்றில் எழுத்தே இல்லை,
மூலையில் சேற்றுக் கட்டைவிரல்.
அதை எந்தக் கட்டில் சேர்ப்பது என்று
சன்மணியைக் கேட்டேன்.
அடுப்பு பற்றவைக்கக் காகிதம் இல்லை என்றாள்.
கொடுக்கவில்லை.

இருட்டுவதற்குள் கம்பேங் அண்ணன்
தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை ஊன்றினார்.
காலையில் அது
நடு ஆற்றில் நிற்கலாம்,
நட்ட நடு மணலில் நிற்கலாம்.
பத்தரைக்கு நெசவு கிராமம்.
இருபத்திரண்டு பேர் வருகிறார்கள்.